பட்டை தீட்டிய பிள்ளைகள்

நினைவஞ்சலிக் கூட்டங்களிலும் தொகுப்பு நூல்களின் முன்னுரைகளிலும் தவறாமல் இடம்பெறும் ஒரு வாக்கியம் நம் எல்லோருக்கும் மனப்பாடம்: "இளமையில் பட்ட கஷ்டங்கள் அவரைப் பட்டை தீட்டின." எழுத்தாளர், நடிகர், பாடகர், அரசியல் தலைவர் என்று யாரைப் பற்றிய கட்டுரையானாலும் இரண்டாவது பத்திக்குள் இது வந்து சேர்ந்துவிடும். பாரதி ஐந்து வயதில் தாயை இழந்தார். புதுமைப்பித்தன் எட்டு வயதில் தாயை இழந்தார். இவ்விரு இழப்புகளையும் மேதைமைக்கான முன்கதையாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். முன்னவர் முப்பத்தெட்டு வயதிலும் பின்னவர் நாற்பத்திரண்டு வயதிலும் மறைந்ததை வேறொரு பத்தியில், விதியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். முதல் பத்தியிலிருந்து கடைசிப் பத்திக்கு நேர்க்கோடு போட நமக்கு உரிமையில்லை என்பது உண்மை. தனி ஒருவரின் வாழ்வில் காரணத்தையும் விளைவையும் அவ்வளவு எளிதாகப் பிரித்தெடுத்துவிட முடியாது. ஆனால் துன்பத்தைப் பட்டறை என்று கொண்டாடும் அந்த வாக்கியத்தை மட்டும் எந்த உரிமையில் இத்தனை காலமாக எழுதி வருகிறோம்?

திருச்சிராப்பள்ளிக்காரர்களுக்குப் பட்டை தீட்டுதல் என்பது வெறும் உவமை இல்லை. அது ஒரு தொழில். செயற்கை வைரக்கற்களைச் சுழலும் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து முகங்களை உண்டாக்கும் வேலை திருச்சியையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் பல்லாண்டுகள் வாழவைத்தது. அந்தச் சக்கரங்களின் முன் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். இந்தியாவின் கொத்தடிமைச் சிறார் குறித்து ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 1996இல் வெளியிட்ட அறிக்கையில் பீடி, பட்டு, தோல் ஆகிய தொழில்களுடன் திருச்சிப் பகுதியின் கல் பட்டைத் தொழிலும் இடம்பெற்றது. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பிள்ளைகள் கல் தீட்டினார்கள். பட்டை தீட்டினால் ஜொலிக்கும் என்று மேடையில் பேசுபவர்கள் கவனிக்காத ஒன்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு முகம் உண்டாகும்போதும் கல் தன் எடையில் கொஞ்சத்தை இழக்கிறது. இழந்தது மீண்டும் வந்து ஒட்டுவதில்லை.

கடந்த முப்பது ஆண்டுகளில் உயிரியலும் மருத்துவமும் சேர்ந்து நமக்குச் சொல்லியிருப்பதும் ஏறக்குறைய இதுவே. குழந்தைப் பருவத்துத் துன்பத்திற்கு உடல் விலை கொடுக்கிறது. அந்த விலையின் ஒரு பகுதியை ஆயுளாகவே கொடுக்கிறது. இதை அறிந்த பிறகும் நம் வாழ்க்கை வரலாறுகளையும் விமர்சனங்களையும் பழைய வாக்கியத்தைக் கொண்டே எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதே இங்கே நம் வாதம்.

*

முதலில் நாம் கொண்டாடும் கதைகளைப் பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ் நாடகத்தைத் தாங்கி நின்றவை 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்ட சிறுவர் நாடக சபைகள். சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 1918இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. தந்தையை இழந்து, தாயோடும் அண்ணனோடும் கும்பகோணத்தில் வறுமையில் வாடிய எம்.ஜி.ஆர். சிறு பிள்ளையாகவே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த கணேசன் என்ற சிறுவன், ஏழு வயதுவாக்கில், தான் ஓர் அநாதை என்று பொய் சொல்லி ஒரு கம்பெனியில் சேர்ந்துகொண்டான். பின்னாளில் சிவாஜி கணேசனாகி, அந்தக் கதையை அவரே விரிவாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோர் உயிரோடிருக்கும் ஏழு வயதுப் பிள்ளை தன்னை அநாதை என்று சொல்லிக்கொள்வதை நாம் துடுக்குத்தனம் என்று ரசித்துவிட்டுக் கடந்து போகிறோம்.

கம்பெனிகளில் சோறு கிடைத்தது. பாட்டும் வசனமும் நடிப்பும் கிடைத்தன. பிரம்பும் கிடைத்தது. ஊர் ஊராகப் பயணம், நள்ளிரவு தாண்டிய நாடகம், மறுநாள் ஒத்திகை, தாயின் முகத்தைப் பார்க்கப் பல மாதக் காத்திருப்பு. பையனுக்கு மகரக்கட்டு உடையும் காலம் வந்தால் பாட்டுக் குரல் போய்விடும். குரலோடு ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் போய்விடும். அந்தச் சபைகளில் இருந்த நூற்றுக்கணக்கான சிறுவர்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். மற்றவர்கள் என்ன ஆனார்கள்? எத்தனை பேர் ஐம்பது வயதைப் பார்த்தார்கள்? கஷ்டம் பட்டை தீட்டும் என்ற நம் கோட்பாடு, மேடையேறி வென்றவர்களை மட்டும் எண்ணி எழுதப்பட்ட கணக்கு. தோற்றவர்களின் பெயர்ப்பட்டியல் கிடைத்திருந்தால் அதே வாக்கியத்தை எழுத நமக்குக் கை வந்திருக்காது.

*

உடலுக்குள் நடப்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஆபத்தை உணர்ந்ததும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. அட்ரினல் கார்ட்டிசாலைச் சுரக்கிறது. கார்ட்டிசால் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். இரத்த அழுத்தத்தை நிமிர்த்தும். செரிமானம், வளர்ச்சி, நோய் எதிர்ப்பு போன்ற அவசரமில்லாத வேலைகளைத் தள்ளிவைக்கும். ஓடவோ போராடவோ வேண்டிய கணத்தில் இது வரம். ஆபத்து நீங்கியதும் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் உள்ள ஏற்பிகள் கார்ட்டிசாலை உணர்ந்து, போதும் நிறுத்து என்று மணி அடிக்கும். ஆபத்தில்லாத நாட்களிலும் கார்ட்டிசாலுக்கு ஒரு தாளம் உண்டு. விழித்தெழுந்த அரைமணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பகல் முழுதும் படிப்படியாக இறங்கி, நள்ளிரவில் அடங்கிவிடும்.

ஆபத்து நீங்கவே நீங்காத வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். தந்தை குடித்துவிட்டு எந்த இரவில் வருவார் என்று தெரியாது. எந்தச் சொல்லுக்கு அடி விழும் என்று தெரியாது. அங்கே வளரும் குழந்தையின் மணி சதா அடித்துக்கொண்டிருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, சிலரிடம் கார்ட்டிசால் எப்போதும் மிகையாக ஓடுகிறது. வேறு சிலரிடம் அந்த அமைப்பே களைத்து, உச்சமும் அடக்கமும் இல்லாத தட்டையான கோடாகிவிடுகிறது. இரண்டுமே கேடு. அமெரிக்க நரம்பியலாளர் புரூஸ் மெக்யூவன் 1993 முதல் இந்தத் தேய்மானத்தைப் பற்றி எழுதிவந்தார். நம்மைக் காப்பதற்காக ஏற்பட்ட வேதிப்பொருளே ஓயாமல் சுரந்தால் இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் மூளையையும் தேய்க்கிறது என்பது அவர் கருத்தின் சாரம்.

இது கண்ணுக்குத் தெரியாத விஷயம் என்பதால்தான் நாம் நம்ப மறுக்கிறோம். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து பின்தொடர்ந்து வந்திருக்கிறார்கள். நினைவை நம்பிப் பின்னோக்கிக் கேட்ட கதைகள் அல்ல அவை. குழந்தைகள் வளரும்போதே எழுதிவைத்த குறிப்புகள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் இரத்தத்தில், முப்பத்திரண்டு வயதில், அழற்சியின் அடையாளங்கள் மிகுந்திருந்தன என்று 2007இல் அறிவித்தார்கள். 2015இல் வெளிவந்தது இன்னும் வியப்பானது. எல்லோருக்கும் ஒரே வயது, முப்பத்தெட்டு. ஆனால் சிறுநீரகம், ஈரல், நுரையீரல், இரத்தக் கொழுப்பு என்று பல அளவைகளைக் கொண்டு கணக்கிட்டபோது அவர்களுடைய உடலின் வயது இருபத்தெட்டிலிருந்து அறுபத்தொன்று வரை பரவிக் கிடந்தது. வேகமாக முதுமை அடைந்தவர்களிடம் பிள்ளைப் பருவத் துன்பம் மிகுந்திருந்ததை 2017இல் அதே குழு காட்டியது.

உயிரணுவுக்குள்ளும் இந்தத் தேய்மானத்தைத் தேடியிருக்கிறார்கள். உறையூர்ப் புடவை தறியிலிருந்து இறங்கியதும் தலைப்பில் நூல் பிரிந்துவிடாமல் முடிச்சிடுவார்கள். நம் குரோமோசோம்களின் நுனிகளிலும் அப்படியொரு காப்பு உண்டு. அதன் பெயர் டெலோமியர். உயிரணு பிரியும்தோறும் அது சற்றுக் குறைகிறது. நுனி மிகவும் குறைந்துவிட்ட உயிரணு பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. இந்த நுனிகளைப் பற்றிய ஆய்வுக்காக 2009இல் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலிசபெத் பிளாக்பர்ன், உளவியலாளர் எலிஸா எபெலுடன் சேர்ந்து 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மார்களும் மற்றத் தாய்மார்களுமாக ஐம்பத்தெட்டு பேர். மனஅழுத்தத்தை மிகக் கூடுதலாக உணர்ந்த பெண்களின் டெலோமியர்கள், மிகக் குறைவாக உணர்ந்தவர்களுடையதைவிடப் பத்தாண்டு முதுமைக்குச் சமமாகக் குறைந்திருந்தன. "கவலை அரிக்கும்" என்று நம் பாட்டிகள் சொல்லிவந்தது அணுவளவில் அளக்கப்பட்டது இப்படித்தான்.

*

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். துன்பம் என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவது உண்மையில் இரண்டு. ஒன்று இன்மை; மற்றது அச்சம். சோறு, புத்தகம், பேச்சுத்துணை ஆகியவை இல்லாமற்போவது இன்மை. அடி, வசவு, வன்முறையைக் கண்ணால் காண்பது அச்சம். இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் நடாலி கோலிச் முதலானோர் வெளியிட்ட பகுப்பாய்வில், விரைவாகப் பருவமடைவதும் உயிரணு விரைவாக முதுமையடைவதும் அச்சத்தோடுதான் தெளிவாகத் தொடர்புபட்டிருந்தன. இன்மையோடு அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. இன்மை தீங்கற்றது என்று இதற்குப் பொருளில்லை. பசி வளர்ச்சியைக் கெடுக்கும். கவனிப்பார் இல்லாமை அறிவையும் மொழியையும் கெடுக்கும். ஆனால் காலக் கடிகாரத்தின் முள்ளைப் பிடித்து முன்னே தள்ளுவது பெரிதும் அச்சமே என்பது இந்த ஆய்வின் சுட்டுதல்.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. வெம்பல். மரத்திலேயே வெயிலுக்கு வெம்பிய காயும் கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழமும் வெளியே மஞ்சளாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால் தெரியும். ஆபத்து நிறைந்த உலகில் நெடுநாள் இருக்கப்போவதில்லை என்று உடலே கணித்துக்கொண்டதுபோல் அவசரப்படுகிறது. "பிஞ்சிலே பழுத்தது" என்று அந்தக் குழந்தையை நாம் ஏசுகிறோம். அதே குழந்தை தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்து, தாயின் கண்ணீரைத் துடைத்து, தந்தையின் மனநிலையைக் கதவு திறக்கும் ஓசையிலேயே படித்தறிந்து நடந்துகொண்டால் "எவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்று மெச்சுகிறோம். ஏச்சும் மெச்சலும் ஒரே வெம்பலுக்குத்தான்.

திருச்சியில் இருப்பவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. ஈழப் போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்களின் முகாம்கள் கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் உள்ளன. போரை நேரில் கண்ட குழந்தைகள் அங்கே வளர்ந்து பெற்றோராகியிருக்கிறார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளைச் சந்தித்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. போரும் கடலும் ஏற்படுத்திய காயத்துடன் வீட்டுக்குள் நடந்த வன்முறையும் அந்தக் குழந்தைகளின் மனநலத்தைத் தனியாகத் தாக்கியிருந்ததை அது கண்டது. வீட்டு வன்முறையின் பின்னணியில் போர் அனுபவமும் தந்தையின் குடியும் இருந்தன. போர் எல்லையில் நின்றுவிடுவதில்லை. அது வீட்டுக்குள் வந்து, குரலாகவும் கையாகவும் மாறிக் குழந்தையின் மீது விழுகிறது.

*

நம் சமூகம் ஒரு காலத்தில் குழந்தைகளை முதுமையாக்குவதைச் சடங்காகவே நடத்தியது. காவிரியின் இரு கரை அக்கிரகாரங்களிலும், ஸ்ரீரங்கத்து உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும், நூறாண்டுகளுக்கு முன் பால்ய விதவை இல்லாத நீண்ட குடும்பங்கள் அரிது. தலைமழிக்கும் வழக்கம் தென்கலை வைணவர்களிடம் இல்லை. மற்ற பிராமணர்களிடம் இருந்தது. ஒருவேளைச் சோறும், மங்கல காரியங்களிலிருந்து விலக்கலும், எதிரே வந்தால் சகுனத்தடை என்ற முகச்சுளிப்பும் பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. முப்பது வயதுக்குள் அவள் 'பாட்டி'யாகிவிடுவாள். 1929இல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக உயர்த்திய பிறகும் இந்தப் பாட்டிகள் நம் வீடுகளின் பின்கட்டுகளில் பல காலம் இருந்தார்கள். தமிழ்ச் சிறுகதை அவர்களை நிறைய எழுதியிருக்கிறது. அவர்களுடைய சிடுசிடுப்பையும் மடியையும் எழுதியது. சில நல்ல கதைகள் அவர்களுடைய ஏக்கத்தையும் எழுதின. பத்து வயதில் தொடங்கிய அச்சம் அந்த உடலுக்குள் என்ன செய்திருக்கும் என்று கேட்கும் அறிவு அப்போது நமக்கு இல்லை. இப்போது இருக்கிறது.

அதே காலத்தில் மயிலாப்பூரில் பிறந்த சுப்புலட்சுமி பதினொரு வயதில் மணமாகி, விரைவிலேயே கைம்பெண்ணானார். அவருடைய தந்தையும், தாமும் விதவையாகவே இருந்த சித்தியும் அந்தச் சிறுமியை மூலையில் உட்கார்த்தவில்லை. படிக்கவைத்தார்கள். 1911இல் பட்டம் பெற்று, பால்ய விதவைகளுக்கான இல்லத்தைத் தொடங்கி, சகோதரி சுப்புலட்சுமி என்று நாடறிய வாழ்ந்து, 1969இல் எண்பத்துமூன்று வயதில் மறைந்தார். ஒருவர் வாழ்வு அறிவியல் சான்றாகாது. நாம் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரே விபத்துக்கு ஆளான இரு குழந்தைகளில் ஒருத்தியின் அருகில் மட்டும் ஒரு சித்தி நின்றிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி, இன்றைய ஆய்வுகளின் மையக் கேள்விகளில் ஒன்று.

*

அதற்கான விடையை முதலில் சொன்னவை எலிகள். கனடாவின் மாண்ட்ரியால் நகரில் மைக்கேல் மீனியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் தாய் எலிகளைக் கவனித்தார்கள். சில தாய்கள் குட்டிகளை ஓயாமல் நக்கிக்கொடுத்தன. சில அவ்வளவாகச் செய்யவில்லை. நக்கி வளர்க்கப்பட்ட குட்டிகள் பெரிதானபின் கலங்காதவையாக இருந்தன. அவற்றின் கார்ட்டிசால் போன்ற சுரப்பு விரைவில் அடங்கியது. பிறகு குட்டிகளை மாற்றி வைத்தார்கள். கவனிக்காத தாய்க்குப் பிறந்து, கவனிக்கும் தாயிடம் வளர்ந்த குட்டியும் கலங்காததாகவே வளர்ந்தது. பெற்றது எது என்பதைவிட வளர்த்தது எது என்பதே கணக்கில் வந்தது. ஹிப்போகாம்பஸில் அந்த 'நிறுத்து' மணியை அடிக்கும் ஏற்பிக்கான மரபணுவின் மீது தாயின் பராமரிப்பு வேதிக் குறிகளை எழுதியும் அழித்தும் வைக்கிறது என்பதை 2004இல் காட்டினார்கள்.

மனிதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்த கொடுமையான வாய்ப்பை வரலாறு ருமேனியாவில் ஏற்படுத்திக் கொடுத்தது. செளசெஸ்கு ஆட்சி 1989இல் வீழ்ந்தபோது அரசு இல்லங்களில் குழந்தைகள் கட்டில் வரிசைகளில் கிடந்தார்கள். உணவு இருந்தது, தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை. 2000இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வு, அந்த இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தது. இல்லத்தில் அதிக காலம் கழித்த பிள்ளைகளின் டெலோமியர் குறைந்திருந்ததை 2012இல் கண்டார்கள். இல்லத்திலேயே தங்கியவர்களின் கார்ட்டிசால் எதிர்வினை மழுங்கிப்போயிருந்ததையும், இரண்டு வயதுக்குள் வளர்ப்புத் தாயிடம் போன பிள்ளைகளிடம் அது மற்றக் குழந்தைகளைப் போலவே இயங்கியதையும் 2015இல் வெளியிட்டார்கள். சேதம் உண்மை, மீட்பும் உண்மை. மீட்புக்குக் காலக்கெடு இருப்பதும் உண்மை.

திருச்சிக்கு இதைச் சொல்ல ருமேனியா வேண்டியதில்லை என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். மலைக்கோட்டையில் குடியிருக்கும் கடவுளின் பெயரே அதுதானே. பேறுகாலத்தில் துணையிருக்க வந்த தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட, மகள் ரத்னாவதிக்காக இறைவன் தாயின் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது வீட்டில் இரண்டு தாய்கள் நின்றார்கள் என்பது தலபுராணம். நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் இந்தக் கதையில் ஒன்றைக் கவனிக்கலாம். வெள்ளத்தை நிறுத்தவில்லை அந்தக் கடவுள். நிறுத்தியிருக்க முடியும்; ஆனால் கதை அதைக் கேட்கவில்லை. வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வரமுடியாத தாயின் இடத்தில் ஒருவர் வந்து நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்டது.

ஆற்றின் அக்கரையில் ஸ்ரீரங்கம் அறிந்த இன்னோர் உதாரணமும் உண்டு. தந்தையின் உத்தியோக மாற்றல்களால் பெற்றோரைப் பிரிந்து ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர் சுஜாதா. 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளின் வேடிக்கைக்கு அடியில் வாழ்க்கையில் தோற்றுப்போனவர்கள் எத்தனை பேர் என்பதை மறுவாசிப்பில்தான் உணர்கிறோம். அவர்களைக் கசப்பில்லாமல் பார்க்க முடிந்த அந்தக் கண், பாதுகாப்பான ஒரு வீட்டு வாசலில் நின்று பார்த்த கண் என்று நமக்குத் தோன்றுகிறது. பிரிவு இருந்தது, பாட்டியும் இருந்தார். மூளையைப் பற்றித் தமிழில் 'தலைமைச் செயலகம்' எழுதிய அவர் 2008இல் மறையாமல் இருந்திருந்தால், கார்ட்டிசாலையும் பாட்டிகளையும் பற்றி நம்மைவிடச் சுவையாக ஒரு பத்தி எழுதியிருப்பார்.

*

இவ்வளவும் சொன்னபின் சில மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். "அப்படியானால் துன்பப்பட்டவர்கள் எல்லோரும் நோயாளிகளா? இது புதுவிதத் தலையெழுத்து ஆகாதா?" நியாயமான கேள்வி. குழந்தைப் பருவத் துன்பங்களை எண்ணிக் கணக்கிடும் முறையை, கலிபோர்னியாவின் சான் டியாகோவில் நடந்த ஆய்வின் வழியே 1998இல் உலகறியச் செய்தவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும். துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூட, பிற்காலத்தில் இதயநோய், நுரையீரல் நோய், தற்கொலை முயற்சி எல்லாம் கூடியதை அவர்கள் காட்டினார்கள். அதே ஆண்டா 2020இல், இந்த எண்ணைக் கொண்டு தனி மனிதரின் எதிர்காலத்தைச் சொல்லக்கூடாது என்று எச்சரித்து எழுதினார். கூட்டத்தைப் பற்றிய உண்மை, ஆளைப் பற்றிய சோதிடமாகாது. இந்த அறிவு குழந்தையைச் சுட்டிக்காட்டுவதற்கானதல்ல; குழந்தையைச் சுற்றி நிற்கும் பெரியவர்களைச் சுட்டிக்காட்டுவதற்கானது.

"அடியாத மாடு படியாது" என்பது அடுத்த மறுப்பு. குழந்தை மாடில்லை என்பதே போதுமான பதில். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்துவிட்டது. சட்டம் தடைசெய்த பிறகும் "எங்கள் வாத்தியார் அடித்த அடியில்தான் நான் ஆளானேன்" என்று மணிவிழா மலர்களில் எழுதி, பிரம்புக்கு மாலை போடுகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற எழுத்துக்காரர்களே.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. துன்பம் இல்லாவிட்டால் இலக்கியம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். இலக்கியம் துன்பத்தைப் பற்றியது என்பதில் ஐயமில்லை. துன்பத்தால் ஆனது என்பதற்கு மட்டும் சான்றில்லை. தாயை இழந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில், பாரதி ஒருவர். அவரைப் பாரதியாக்கியது இழப்பு என்றால் மற்ற ஆயிரம் பேரை அது ஏன் எதுவுமாக்கவில்லை?

*

திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவை விரிவாக்கிய திட்டம் அது. அரசு கஜானா தாங்காது என்று நிபுணர்கள் பலர் குறை சொன்னார்கள். சிறுவயதில் தாம் பட்ட பசியை எம்.ஜி.ஆர். அதற்குக் காரணமாகச் சொன்னார். அவரது அரசியல் மீது யாருக்கு என்ன விமர்சனம் இருந்தாலும், அந்த ஓரிடத்தில் அவர் நம் பழைய வாக்கியத்தை மறுத்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "பசி என்னைப் பட்டை தீட்டியது, மற்றப் பிள்ளைகளையும் தீட்டட்டும்" என்று அவர் சொல்லவில்லை. தான் பட்டது இன்னொரு குழந்தை படவேண்டாம் என்று தீர்மானித்தார். துன்பத்திலிருந்து ஒருவர் கற்கக்கூடிய உருப்படியான பாடம் அது ஒன்றுதான்.

அந்தத் திட்டத்தில் ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை கிடைத்தது. ஒரு தலைமுறைக்கு முன் பின்கட்டில் உட்கார்த்தப்பட்டிருக்கக்கூடிய பெண்கள், சத்துணவுக் கூடங்களிலும் பால்வாடிகளிலும் ஆயாக்களாக நின்று, பெற்றோர் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். இன்மையைத் தீர்க்கச் சோறு போதும். அச்சத்தைத் தீர்க்க, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒருவர் வேண்டும். இன்று நம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குக் கொடுக்கும் ஊதியத்தையும் மரியாதையையும் பார்த்தால், அந்த இரண்டாவது வேலையை நாம் வேலையாகவே கருதவில்லை என்பது தெரியும். குழந்தையின் கார்ட்டிசாலை அடக்குகிற பெண்ணைவிட, முப்பது ஆண்டுகள் கழித்து அதே குழந்தையின் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதுகிறவருக்கே நாம் எழுந்து நிற்கிறோம்.

இலக்கிய வாசகர்களாகிய நம்மால் ஆவது சிறியதுதான். ஆனால் அது நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை ஒரு தன்வரலாற்றை வாசிக்கும்போது, எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அப்போது யார் கூட இருந்தார்கள் என்றும் கேட்போம். பெரும்பாலான நூல்களில் அந்தப் பெயர் இருக்கும். ஒரு பாட்டியோ, அத்தையோ, எதிர் வீட்டுக்காரரோ, ஒரு நாடகக் கம்பெனிச் சமையற்காரரோ, ஒரு வரியில் வந்து போயிருப்பார். நம் விமர்சனம் அந்த வரியில் நின்றதில்லை. அதில் நிற்கப் பழகினால், 'பட்டை தீட்டின' என்ற சொல்லை முன்னுரைகளிலிருந்து எடுத்துவிட்டு, அந்தப் பெயரை அங்கே எழுதலாம்.